போர்டு இல்லாத வண்டி

காலை நடைக்கு வரும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குப் ‘பஸ் பைத்தியம்’ என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உங்களோடு நடக்கிறேன். நேற்றுகூடக் காளவாசல் சிக்னலில் உங்களில் ஒருவர் காரை ஓரம் கட்டி, “ஏறுங்க, வீட்டுல எறக்கி விட்டுட்டுப் போறேன்” என்று கூப்பிட்டீர்கள். நான் கையை ஆட்டிவிட்டு நின்றுகொண்டேன். கோபமெல்லாம் இல்லை. எதிரே முன்பக்கம் ரோஸ் பெயிண்ட் அடித்த டவுன் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து பையிலிருக்கும் நூலகப் புத்தகத்தில் நாலு பக்கம் படிக்கலாம். நடுவில் யார் ஏறுகிறார்கள், யாருக்காக வண்டி நிற்கவில்லை என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவளுக்கு நகரங்களைப் பற்றிய புத்தகம் எதற்கு என்று என் மகனே கேட்கிறான். நம் ஊருக்கு மெட்ரோ வருமா வராதா என்று நீங்கள் பேச ஆரம்பித்தால், “சரி, ஸ்டேஷன்ல எறங்கி வீட்டுக்கு எதுல போவீங்க?” என்று நான் குறுக்கே கேட்டுக் கெடுப்பதாக உங்களுக்கும் ஒரு குறை. அதற்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் இருக்கிறது. நான் எட்டாவது முடித்து ஒன்பதாவதுக்குப் போன வருஷத்துக் கோடையும், அதைத் தொடர்ந்து வந்த ஆடியும்தான் அந்தப் பதில்.

அப்போது நாங்கள் வில்லாபுரத்தில் இருந்தோம். இன்றைய வில்லாபுரத்தை வைத்து அதை நினைத்துப் பார்க்க முடியாது. வரிசையாகக் கொஞ்சம் நெசவாளர் வீடுகள், நடுவே வேலிக்கருவை மண்டிய காலி மனைகள், அதைத் தாண்டினால் அவனியாபுரம் வரைக்கும் வயல். எங்கள் தெருச் சாக்கடை ஒருநாள் அரக்குச் சிவப்பாக ஓடும். மறுநாள் மயில்கழுத்து நிறத்தில் ஓடும். பின்வீட்டில் நூலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். கொதிக்கும் தொட்டியிலிருந்து ஆவி கிளம்பினால் தெருவே ஒருமாதிரிப் புளிப்பாக மணக்கும். எங்கள் வீட்டு வெள்ளைத் துணிகூட அந்த ஆவியில் மஞ்சளித்துவிடும் என்று அம்மா சொல்வாள்.

அந்தச் சாயக்கார வீட்டுப் பெண்தான் என் தோழி. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழியில் படபடவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அவளும் நானும் ஒரே வகுப்பு. கணக்கில் அவள் முதலாவது. நான் எதிலும் முதலாவது இல்லை.

அப்பா மில்லில் ஃபிட்டர். சங்கத்தில் முக்கியமான ஆள். டீக்கடைப் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால் எங்கள் வீட்டில் அன்று சாப்பாடு தாமதமாகும். அவ்வளவு பேச்சு இருக்கும். அம்மா அதிகம் பேசமாட்டாள். எந்த ஆபீஸ் படியும் ஏறியதில்லை. ரேஷன் கார்டு விஷயமானாலும் அப்பாதான் போவார்.

அந்தக் கோடை விடுமுறையில் கிளை நூலகத்தில் எனக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை நூலகம். மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ளும். புத்தகத்துக்கு அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. ஆகவே அதன் பேரும் எழுதியவர் யாரென்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது. உலகத்து நகரங்களைப் பற்றியது. ஆறு எங்கே ஓடுகிறது, சந்தை ஏன் அங்கே கூடியது, ஏழைகளின் தெரு ஏன் எப்போதும் ஊரின் கடைசியில் இருக்கிறது என்றெல்லாம் இருந்தது. அதுவரை ஊர் என்பது வேப்பமரம் மாதிரித் தானாக வளர்ந்தது என்று நினைத்திருந்தேன். யாரோ சிலர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ரோடு இப்படிப் போகட்டும், வண்டி அங்கே நிற்கட்டும் என்று முடிவு செய்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. நம் தெருவைப் பற்றியும் யாரோ முடிவு செய்திருப்பார்களே!

அதில் ஒரு மடிப்புப் பக்கம். ஏதோ ஒரு நகரத்தின் பஸ் தடங்களையெல்லாம் கலர் கலராகக் கோடு போட்டு ஒரே தாளில் காட்டியிருந்தார்கள். மதுரைக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று நூலகரிடம் கேட்டேன். அவர் விசிறியை நிறுத்தாமலே, “மதுரைக்கு எதுக்குத்தா படம்? யாரக் கேட்டாலும் வழி சொல்லப் போறாங்க” என்றார்.

நானே போட்டேன். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். நடுவில் கோயில், அதைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளியே வெளி வீதி. அங்கிருந்து கிளம்பி ஒவ்வொரு திசைக்கும் பஸ் போகும் வழி. திருநகருக்குச் சிவப்பு, அவனியாபுரத்துக்குப் பச்சை. தெரியாத தடங்களுக்குப் பென்சில் புள்ளி. பிற்பாடு வீடு மாறியபோது அது எங்கோ போய்விட்டது. மஞ்சள் பென்சிலைச் சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்தது மட்டும் நினைவிருக்கிறது.

படத்தில் வழி வந்துவிட்டது, நேரம் வரவில்லை. அதற்காகத்தான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் பஸ் ஸ்டாப்பில் நிற்க ஆரம்பித்தேன். ஸ்டாப் என்றால் ஒரு புங்கமரமும் அதில் ஆணி அடித்த தகரமும்தான். எதிர் பலசரக்குக் கடைச் சுவர்க் கடிகாரம் அங்கிருந்தே தெரியும். வண்டி எண், வந்த நேரம், நின்றதா இல்லையா, எவ்வளவு கூட்டம், எல்லாம் எழுதுவேன். டீசல் புகையும், கண்டக்டர் விசிலும், சூடான ரப்பர் வாடையும் எனக்கு அப்போதே பிடித்துப்போயின. ஒரு மீசைக்காரக் கண்டக்டர் என்னைப் பார்த்தாலே படியில் தொங்கியபடி, “இன்ஸ்பெக்டரம்மா, இன்னைக்கு மூணு நிமிசம் லேட்டு, மறக்காம எழுதிக்கங்க!” என்று கத்திவிட்டுப் போவார். நானும் சிரித்துக்கொண்டே எழுதுவேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் விளையாட்டு வினையாயிற்று.

எட்டாவது வரைக்கும் எங்கள் பகுதியிலேயே படித்தோம். ஒன்பதாவதுக்கு டவுனுக்குள், வெளி வீதியிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்த பெண்கள் பள்ளிக்குப் போகவேண்டும். காலையில் எங்களுக்குத் தோதான வண்டி ஒன்றே ஒன்று. அது அவனியாபுரத்திலேயே நிரம்பிவிடும். எங்கள் மரத்தடியைத் தாண்டும்போது வேகம்கூடக் குறையாது. பச்சைத் தாவணியில் நிற்கும் பதினைந்து இருபது பெண்கள்மேல் புழுதியைப் போட்டுவிட்டுப் போகும். நடந்தும் பார்த்தோம். அப்போது தெற்குவாசலில் மேம்பாலம் கிடையாது, ரயில்வே கேட்தான். கேட் மூடினால் கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி போகும்வரை நிற்கவேண்டும்.

பள்ளி வாசலில் ஒரு டீச்சர் கைக்கடிகாரத்தோடு நிற்பார். மணி அடித்த பிறகு வந்தால் ஒரு பீரியடு முழுக்க வெளியே நிற்கணும். மூன்று முறை ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே. கேட் மூடுமுன் ஓடிக் கடந்துவிடுவதால் நான் எப்படியோ தப்பினேன். என் தோழி ஜூன் மாதத்திலேயே இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இரண்டாம் முறை அவள் அப்பா சாயத் தொட்டியை விட்டுவிட்டு வந்து நின்றார். அன்று சாயந்திரம் என் காதுபடவே அவளிடம் சொன்னார்: “ஆடி முடியட்டும். இப்படியே இருந்துச்சுன்னா நின்னுக்க. எட்டு வரைக்கும் படிச்சது போதும்.”

அவர் கொடுமைக்காரர் இல்லை. ஊரில் அன்று பாதிப் பெண்கள் இப்படித்தான் நின்றார்கள். படிப்பு வரவில்லை என்று வெளியே சொல்வார்கள். பஸ் வரவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் பலசரக்குக் கடைக்காரர் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தார். “அண்ணே, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீக. உங்க மக தெனம் மரத்தடியில நின்னு கண்டக்டர் ஒருத்தரப் பாத்துச் சிரிக்குது. என்னத்தையோ எழுதுது வேற.”

அன்று சாயந்திரம் அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பையைக் கவிழ்த்தார். நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்காமல், வெந்நீர் அடுப்புக்குள் சொருகிவிட்டார். உலகத்துச் செய்தியெல்லாம் படிக்கிற மனிதர், என் நோட்டில் ஒரு வரி படித்திருக்கலாம். அன்று அவரை வெறுத்தேன். இன்று பார்க்கும்போது கோபத்தைவிடப் பயம்தான் அவர் கையைப் பிடித்து அதைச் செய்ய வைத்தது என்று தோன்றுகிறது. ஒரு பெண்ணின் பெயரைத் தெருவில் நாலு பேர் உச்சரித்தாலே அவள் படிப்பு நின்றுவிடும் காலம். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார். ஆனாலும் தப்பு தப்புதான்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி இல்லை. மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: “அந்த நோட்டுல அப்படி என்னதான்டி எழுதியிருந்த?”

“பஸ்சு.”

“பஸ்சுன்னா?”

சொன்னேன். நோட்டு எரிந்தாலும் என் தலைக்குள் அது பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை எந்த வண்டி, எத்தனை மணி, நிற்கவில்லை. செவ்வாய் நிற்கவில்லை. புதன் நின்றது, மூன்று பேர் ஏறினோம். அப்படியே சொல்லிக்கொண்டு வந்து, “எட்டு மணிக்கு ஒரு காலி வண்டி போகும்” என்றேன்.

அம்மா கையை நிறுத்தினாள். “காலி வண்டியா?”

“ஆமா. போர்டு இல்லாம போகும். டெப்போவுல இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு. அங்க போயித்தான் மொதல் டிரிப்பு எடுப்பாங்க. டிரைவரும் கண்டக்டரும் மட்டும் உக்காந்துருப்பாங்க. தெனமும் நம்ம ஸ்டாப்பு வழியாத்தான் போகுது.”

“தெனமுமா?”

“பள்ளிக்கூடம் உள்ள நாள் அம்புட்டும்.”

அம்மா உருவிய கீரையை அப்படியே முறத்தில் வைத்துவிட்டு, முகம் கழுவி, கட்டியிருந்த சேலையை மாற்றினாள். “வா, போவோம்” என்றாள். எங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டெப்போவில் கிளை மேலாளர் அறைக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றோம். தரையெல்லாம் எண்ணெய், அம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே கூப்பிட்டதும் அவர் முதலில் கேட்டது, “வீட்டுக்காரர் வரலையா?”

“அவரு மில்லுக்குப் போயிருக்காரு சார். பஸ்ஸுக்கு நிக்கிறது நாங்கதான?” என்றாள் அம்மா.

காலை வண்டி நிற்பதில்லை என்று சொன்னோம். புது வண்டி கொடுக்க வழியில்லை என்றார். அம்மா என் தோளைத் தொட்டாள். நான் காலி வண்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“பாப்பா, அது என்னைக்கோ ஒருநாள் போயிருக்கும். தெனம் ஒரே நேரத்துக்கெல்லாம் போகாது. யாரு சொன்னது உனக்கு?”

“யாரும் சொல்லல சார். நின்னு பாத்தேன்.”

அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் போர்டு இல்லாத வண்டியின் எண்ணையும் அது மரத்தடியைத் தாண்டிய நேரத்தையும் வரிசையாகச் சொன்னேன். அவர் சிரிப்பு நடுவிலேயே நின்றது. மணி அடித்து ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். விரலை வைத்துக்கொண்டே, “திரும்பச் சொல்லு” என்றார். சொன்னேன். திங்கள் சரி. செவ்வாய் சரி. வியாழக்கிழமை வந்ததும் நிமிர்ந்து, “இங்க வேற நம்பருல்ல இருக்கு” என்றார்.

அந்த வியாழக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருந்தது. “இல்ல சார். அன்னைக்கு வந்த வண்டிக்கு முன்னாடி லைட்டு ஒண்ணு ஒடஞ்சிருந்துச்சு. நான் சொன்ன நம்பர்தான்.”

பதிவேட்டைக் கொண்டுவந்தவர் தலையைச் சொறிந்தபடி, “பாப்பா சொல்றது சரிதான் சார். அன்னைக்கு வண்டி மாத்தி விட்டோம். நாந்தான் எழுத விட்டுட்டேன்” என்றார்.

ஐயா, அம்மாக்களே, அதற்குப் பிறகு நான் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு எதுவும் ஈடில்லை. மேலாளர் அம்மாவைப் பார்த்து, இந்த முறை எழுந்து நின்று, “ஊர்க்காரங்க கையெழுத்தோட ஒரு மனு குடுங்கம்மா. மேல அனுப்பிப் பாக்குறேன்” என்றார்.

அம்மா சொல்லச் சொல்ல மனுவை நான் எழுதினேன். கையெழுத்தை அவள் குழாயடியிலிருந்து ஆரம்பித்தாள். தண்ணீர் வரும் நேரத்தில் குடத்துக்குக் குடம் இடையே போய் நின்று பேசினாள். “ஒம் மக மட்டுமில்லடி, நாளைக்கு அவ தங்கச்சியும் போகணும்ல? போடு கையெழுத்த.” ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். பின்வீட்டுக்கு நானும் கூடப் போனேன். என் தோழியின் அப்பா மனுவை இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அவர் விரல்பட்ட ஓரமெல்லாம் நீலம். தாள் கெட்டுப்போயிற்றே என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

அந்தத் தாளை அப்பா பார்த்தது அன்று சாயந்திரம்தான். அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லாத நாட்கள் அவை. முழுக்கப் படித்தார். எட்டு மணிக்குப் போகும் காலி வண்டி என்ற வரியில் விரலை வைத்தபடி, “இது யாரு கண்டுபிடிச்சது?” என்றார்.

“நீங்க அடுப்புல போட்டீங்கள்ல, அதுல இருந்துச்சு” என்றாள் அம்மா.

அப்பா தாளைத் திருப்பி ஓரத்து நீலத்தைப் பார்த்தார். பிறகு, “நீலம் இருக்கட்டும், அதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா மனுவுல கும்பிடுதான் அம்புட்டும் இருக்கு. கேக்குறத மொத வரியில கேக்கணும்” என்று சொல்லி, வேறொரு தாளில் அவரே புதிதாக எழுதி, கையெழுத்துத் தாள்களை அதன் பின்னால் கோத்துக் கொடுத்தார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் அந்த மனுவின் முதல் வரி இன்றும் எனக்கு மனப்பாடம்: ‘எங்கள் பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போக, ஏற்கனவே காலியாக ஓடும் வண்டியை நிறுத்தித் தரக் கேட்கிறோம்.’

பிறகு காத்திருந்தோம். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். ஒன்றும் நடக்கவில்லை. என் தோழியை மூன்றாம் முறையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை அவள் அப்பா கையெழுத்துப் போட வரவில்லை. அவள் வீட்டிலேயே உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தாள். நான் போய்ப் பேசினால் ராட்டையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள். வீட்டுக் கணக்கு என்ன கொடுத்தார்கள் என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.

அப்புறம் ஒரு காலை. எப்போதும்போல நிரம்பிய வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. நாங்கள் நடக்க ஆரம்பிக்கப் பையைத் தோளில் மாட்டிவிட்டோம். பின்னாலேயே போர்டு இல்லாத வண்டி வந்தது. வேகம் குறைந்தது. மரத்தடியில் நின்றே விட்டது. முன் கண்ணாடிக்குள் ஓர் அட்டையில் சுண்ணாம்பில் எழுதியிருந்தார்கள்: ‘வில்லாபுரம் – தெற்குவாசல் – பஸ் ஸ்டாண்டு’.

படியில் மீசைக்காரக் கண்டக்டர். “ஏறுங்கத்தா, ஏறுங்க! இந்த டிரிப்ப நானே கேட்டு வாங்கிட்டேன். இன்ஸ்பெக்டரம்மா, நீங்க என்ன நின்னு வேடிக்க பாக்குறீக?”

“அண்ணே, ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்க. ஒரு ஆளு வரணும்.”

“ரெண்டு நிமிசம்தான். ஓடு!”

ஓடினேன். அந்தச் சாக்கடையை அன்று ஒரே தாவாகத் தாண்டினேன். என் தோழி வீட்டுப் பாவாடை சட்டையில் ராட்டைமுன் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை, ரோட்டைக் கைகாட்டினேன். கண்டக்டர் ஹாரன் அடிக்கச் சொல்லியிருப்பார் போல, தெருமுழுக்கக் கேட்டது. அவள் எழுந்து தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் கொதிக்கும் தொட்டியில் கம்பை விட்டபடி நின்றிருந்தார். வெளியே எட்டிப்பார்த்தார். தெருமுனையில் வண்டியும் அதன் ஜன்னல்களில் பச்சைத் தாவணிகளும் தெரிந்தன.

“போ” என்றார். பிறகு அவள் நின்றதைப் பார்த்து, “பைய எடுத்துட்டுப் போ” என்றார்.

தாவணி கட்ட நேரமில்லை. விரலில் நூல் சுற்றிய தடத்தோடு வந்து ஏறினாள். வண்டி கிளம்பியதும் ஆளுக்கொரு ஸீட்டைப் பிடித்து உட்கார்ந்தோம். அதுவரை எங்களில் ஒருத்திகூடக் காலை பஸ்ஸில் உட்கார்ந்து போனதில்லை. அடுத்த ஸ்டாப்பிலும் வண்டி நின்றது, அங்கேயும் ஏறினார்கள். ரயில்வே கேட் திறந்திருந்தது. வெளி வீதியில் எங்கள் எல்லோரையும் இறக்கிவிட்டு, கண்டக்டர் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பள்ளி வாசலில் டீச்சர் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். மணி இன்னும் அடிக்கவில்லை. வில்லாபுரத்துப் பெண்கள் ஒரு கும்பலாக, ஓடாமல், வேர்க்காமல் வருவதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கண் என் தோழிமேல் விழுந்தது.

“எங்கடி தாவணி? இத்தன நாளா எங்க போயிருந்த? எதுக்கு இப்பிடியே வந்து நிக்கிற?”

என் தோழி தலையைக் குனியவில்லை.

“பஸ் வந்துருச்சு டீச்சர்” என்றாள்.

டீச்சர் வாசலை விட்டு விலகி நின்றார்.